இறால் ஓடு மருந்தாகுமா?

'இயற்கைப் பொருள்' என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு தனி மதிப்பு உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் வைத்தியம் செய்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் அம்மதிப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும், எட்டிக்காயும் அரளி விதையும் இயற்கை ஈன்றவையே. நாகத்தின் பல்லில் ஊறும் நஞ்சு எந்த ஆலையிலும் காய்ச்சப்பட்டதன்று. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது அதன் பிறப்பை உரைக்குமேயன்றி, அது நம் உடலுக்கு என்ன செய்யும் என்பதை உரைக்காது. இந்த எளிய உண்மையை மனத்திற்கொண்டு, கடலுணவுக் கழிவிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளைப் பற்றியும், அது மனிதருக்குத் தீங்கு செய்யுமா என்பதை ஆய்வுக்கூடங்கள் எவ்வாறு சோதித்தறிகின்றன என்பதைப் பற்றியும் இங்கு எழுத விழைகிறேன்.

கொச்சியில் பயிலும் நமக்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. பேருந்து அரூரை நெருங்குகையில் மூக்கைப் பொத்திக்கொள்ளாதவர் நம் சங்கத்தில் எவரும் இரார். அங்குள்ள ஆலைகளில் இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, சதையை உறையவைத்துக் கப்பலேற்றுகிறார்கள். 2023–24ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைபதன இறால் மட்டும் 7,16,004 டன். இறாலின் எடையில் தலையும் ஓடும் சேர்ந்து, இனத்திற்கும் உரிக்கும் முறைக்கும் ஏற்ப, நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு வரை இருக்கும். ஆகவே சதை வெளிநாட்டார் தட்டிலே சேர, ஓடு நம் கரையிலே குவிகிறது. அதில் ஒரு பகுதி தீவனமாகிறது, ஒரு பகுதி உரமாகிறது, எஞ்சியது அழுகுகிறது. அந்தக் குப்பையிலிருந்து எடுக்கப்படும் 'கைட்டோசான்' என்னும் வெண்பொடியே என் முதுநிலைப் படிப்பின் ஆய்வுப் பொருள்.

கைட்டினும் கைட்டோசானும்

1811ஆம் ஆண்டில் ஆன்றி பிராக்கோன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் காளான்களை ஆராய்ந்தபோது, காரத்தில் கரையாத ஒரு பொருள் எஞ்சி நிற்பதைக் கண்டார். 1823இல் ஓடியே என்பவர் வண்டுகளின் சிறகுறையில் அத்தகைய பொருளையே கண்டு, 'மேலாடை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அதற்குக் கைட்டின் என்று பெயரிட்டார். பெயர் பொருத்தமானதே. இறால், நண்டு, வண்டு முதலிய உயிர்களுக்கெல்லாம் கைட்டின்தான் மேலாடை. அதுவே கவசமும் ஆகும்.

சிறு மூலக்கூறுகள் பூக்கள் மாலையாவதுபோல் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாவதுண்டு. அச்சங்கிலியைப் பாலிமர் என்பர். தமிழில் பல்லுறுப்பி எனலாம். பருத்தி நூலிலுள்ள செல்லுலோசு ஒரு பல்லுறுப்பி. கைட்டினும் அதற்கு நெருங்கிய உறவே. வேறுபாடு யாதெனின், கைட்டின் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நைட்ரஜன் அடங்கிய ஒரு தொகுதி தொங்குகிறது. அதன்மேல் அசெட்டைல் என்னும் ஒரு சிறு மூடி கவிந்திருக்கிறது. மூடி கவிந்திருக்கும் வரை கைட்டின் எளிதில் எதிலும் கரையாது. 1859இல் ரூஜே என்பவர் கைட்டினைச் செறிந்த காரத்திலிட்டுக் காய்ச்சினார். மூடிகள் கழன்றன, பொருள் மென்மையான அமிலத்தில் கரையலாயிற்று. 1894இல் ஹாப்பே சைலர் என்ற செருமானிய அறிஞர் இவ்வாறு மாறிய பொருளுக்குக் கைட்டோசான் என்று பெயர் சூட்டினார்.

மூடி கழன்ற கைட்டோசான், அமிலத்தில் கரைந்த நிலையில் நேர்மின்னூட்டம் பெறுகிறது. இயற்கையில் கிடைக்கும் பல்லுறுப்பிகளுள் இப்பண்பு அரிது. புண்ணிலிருந்து வடியும் குருதியை நிறுத்தவும், பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கவும், அழுக்கு நீரிலுள்ள தூசியைத் திரட்டிப் படியவைக்கவும், மருந்தைச் சிறிது சிறிதாக உடலில் விடவும் இப்பொருள் பயன்படுவதற்கு அந்த மின்னூட்டமே தலையாய காரணம். அதனால் விளையக்கூடிய தீமைக்கும் அதுவே காரணம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஓட்டிலிருந்து பொடி வரை

உலர்ந்த இறால் ஓட்டில் கைட்டினோடு சுண்ணச்சத்தும் புரதமும் நிறமியும் கலந்திருக்கின்றன. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணத்தை நீக்குவர். பிறகு நீர்த்த எரிசோடாவில் காய்ச்சிப் புரதத்தை நீக்குவர். எஞ்சும் கைட்டினை, பாதிக்குப் பாதி எரிசோடா கலந்த கடுங்கரைசலில் வேகவைத்தால் மூடிகள் கழன்று கைட்டோசான் கிட்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே நன்னீரில் பன்முறை கழுவுதல் வேண்டும். கொச்சியில் 1957இல் நிறுவப்பட்ட மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இம்முறையைச் செம்மைப்படுத்தித் தொழில் முனைவோருக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

சமையலில் பதம் தவறினால் சுவை கெடுவதுபோல, இங்கும் எந்தப் படியில் குறை நேர்ந்தாலும் அதன் எச்சம் பொடியிலே தங்கிவிடும். அமிலம் போதாவிட்டால் சுண்ணம் தங்கும். காரம் போதாவிட்டால் புரதம் தங்கும். கழுவுதல் போதாவிட்டால் காரமே தங்கும். ஓடு கிடைத்த கழிமுகத்தில் ஈயமோ காட்மியமோ கலந்திருந்தால் அவையும் உடன் வரலாம். ஏனெனில் கைட்டோசான் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது.

இன்னொன்றும் உண்டு. எத்தனை மூடிகள் கழன்றன, சங்கிலி எவ்வளவு நீளம் என்பவை வேகவைக்கும் சூட்டையும் நேரத்தையும் பொறுத்து மாறும். நூற்றுக்கு எழுபது மூடி கழன்றதும் கைட்டோசானே. தொண்ணூற்றைந்து கழன்றதும் கைட்டோசானே. ஆனால் உடலில் அவ்விரண்டும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. நம் கண்ணீரிலும் புண்ணில் ஊறும் நீரிலும் லைசோசைம் என்னும் நொதி உண்டு. 1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்து வெளியிட்டது அது. மூடிகள் ஓரளவு எஞ்சியுள்ள சங்கிலியை இந்நொதி வெட்டிக் கரைக்கும். மூடிகள் அறவே கழன்ற சங்கிலியை வெட்ட அது திணறும். எனவே முன்னது உடலில் விரைவில் மறையும். பின்னது நெடுநாள் தங்கும்.

ஆதலின் 'கைட்டோசான் பாதுகாப்பானதா?' என்னும் வினாவே அரைகுறையானது. எந்த ஓட்டிலிருந்து, எந்த முறையில் செய்த, எந்தக் கைட்டோசான்? உடலில் எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்? இவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் வினா நிறைவு பெறும். உலகெங்கும் மருத்துவப் பொருள்களின் உயிரிய ஒப்புமையைச் சோதிக்கக் கையாளப்படும் ஐ.எஸ்.ஓ. 10993 என்னும் நெறிமுறை வரிசையும் இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. தோலின்மேல் ஒரு மணி நேரம் படும் பொருளுக்கு ஒரு வகைச் சோதனை. எலும்பினுள் ஆண்டுக்கணக்கில் தங்கும் பொருளுக்கு வேறு வகைச் சோதனை.

உயிரணுக்களின் தீர்ப்பு

வேதியியல் சோதனைகளில் பொடி தேறிய பின்னர், அதனை உயிரணுக்களிடம் கொண்டு செல்கிறோம். சுண்டெலியின் இணைப்புத் திசுவிலிருந்து எடுத்துத் தலைமுறை தலைமுறையாக ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்கள் உள்ளன. சோதிக்க வேண்டிய பொருளை ஊட்ட நீரில் இட்டு, உடலின் வெப்பமாகிய 37 டிகிரியில் ஒரு நாள் ஊறவைக்கிறோம். பொருளிலிருந்து கசியக் கூடியவை அந்நீரில் இறங்கும். அந்நீரை உயிரணுக்களுக்கு ஊட்டி, மறுநாள் அவற்றுள் எத்தனை உயிரோடுள்ளன என்று பார்க்கிறோம்.

எண்ணுவது எவ்வாறு? 1983இல் மோஸ்மன் என்பவர் வெளியிட்ட முறை எளிமையும் அழகும் வாய்ந்தது. ஒரு மஞ்சள் உப்பை உயிரணுக்களுக்குக் கொடுத்தால், உயிரோடுள்ளவை அதனை ஊதா நிறமாக மாற்றும், இறந்தவை மாற்றா. ஊதாவின் செறிவை ஒளிமானியால் அளந்தால், உயிரோடுள்ளவற்றின் விகிதம் தெரிந்துவிடும். பொருள் படாத உயிரணுக்களோடு ஒப்பிடுகையில் உயிர்ப்பு நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இறங்கினால், அப்பொருளுக்கு உயிரணுவைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று நெறிமுறை கொள்கிறது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கைட்டோசானைக் கரைக்க அசெட்டிக் அமிலம் வேண்டும். காடியின் புளிப்பு என்பதும் அதுவே. கரைசலை ஊற்றியதும் உயிரணுக்கள் மடிந்தால், கொன்றது கைட்டோசானா, அமிலமா? இதைத் தெளிய, கைட்டோசான் கலவாத வெறும் அமிலத்தை அதே அளவில் வேறொரு கிண்ணத்து உயிரணுக்களுக்கும் ஊற்றிப் பார்த்தல் வேண்டும். வழக்கு மன்றத்தில் இருவர் மீதும் ஐயம் இருக்கையில் இருவரையும் தனித்தனியே விசாரிப்பதைப் போன்றது இது. இந்த ஒப்பீடு இல்லாத சோதனையை வைத்து ஒரு பொருளைக் குற்றவாளி என்று சொல்வதும் தவறு. குற்றமற்றது என்று சொல்வதும் தவறு.

நன்மையும் தீமையும் ஓரிடத்தில்

அடுத்து இரத்தச் சோதனை. செவ்வணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. நேர்மின்னூட்டம் கொண்ட கைட்டோசான் அருகே வந்தால் செவ்வணுக்கள் ஈர்க்கப்பட்டுத் திரள்கின்றன. வெட்டுக்காயத்தில் இஃது ஒரு வரம். திரண்ட அணுக்கள் அடைப்பாகி, குருதிப் பெருக்கை நிறுத்துகின்றன. கைட்டோசானால் ஆன கட்டு ஒன்று 2002ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்று, ஆப்கானிஸ்தான், ஈராக் போர்க்களங்களில் வீரர்களின் புண்களில் வைக்கப்பட்டது.

அதே பொருளை ஊசி வழியாக இரத்தக் குழாயினுள் செலுத்தினால்? அங்கும் செவ்வணுக்கள் திரளக்கூடும். சிலபோது அவற்றின் உறை கிழிந்து உள்ளிருக்கும் சிவப்பு நிறம் வெளியே கசியவும் கூடும். புண்ணின்மேல் உயிர் காத்த பண்பே குழாயினுள் உயிருக்கு ஊறு செய்யும். அதனால் இரத்தத்தில் செல்ல வேண்டிய கைட்டோசான் துகள்களை, மின்னூட்டத்தை மறைத்தோ மாற்றியோ தனியே பக்குவப்படுத்தித் தனியே சோதிக்கிறார்கள். 'ஒருமுறை தேறிவிட்டது, இனி எங்கும் பயன்படுத்தலாம்' என்னும் பேச்சு இத்துறையில் செல்லாது.

வாயால் உண்பதற்கும் இவ்விதி பொருந்தும். எலிகளுக்குக் கைட்டோசானை வாய்வழி கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், உடல் எடையின் ஒரு கிலோவுக்குப் பதினாறு கிராம் வரை சென்றும் அது கொல்லும் நஞ்சாகத் தெரியவில்லை. உப்பினும் சாதுவானது போலும் என்று வியக்கத் தோன்றும். ஆனால் வாயில் போட்டது குடலோடு பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டி அதனை இரத்தத்தில் ஏற்ற முடியாது. மேலும், தீங்கில்லை என்பது வேறு, பயன் உண்டு என்பது வேறு. 'கொழுப்பைக் கவ்வி இழுத்து வெளியேற்றும் இயற்கைக் காந்தம்' என்று விற்கப்படும் உடல் மெலிவு மாத்திரைகளைப் பற்றி 2008இல் காக்ரேன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். எடை குறைவு மிகச் சிறிது, மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத் தக்கதாக இராது என்பதே அவர்கள் முடிவு. விடுதியில் அம்மாத்திரைக்குப் பணம் கட்டிய நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இறந்தும் நஞ்சு கக்கும் பாக்டீரியா

பாக்டீரியாக்களுள் ஒரு பெரும்பிரிவின் புறவுறையில் எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. பாக்டீரியா செத்தாலும் அது சாவதில்லை. கொதிக்க வைத்தாலும் எளிதில் அழிவதில்லை. மிகச் சிறு அளவு இரத்தத்தில் கலந்தாலே காய்ச்சல் வரும்; அளவு மிகுந்தால் உயிருக்கே இறுதி. அழுகத் தொடங்கிய இறால் குப்பையோ பாக்டீரியாக்களின் பெருநகரம். காய்ச்சும் கடுங்காரம் அந்நஞ்சைப் பெரிதும் அழித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அதன் பிறகு கழுவும் நீர் தூயதாக இல்லாவிடில், வாசல் வழி விரட்டிய திருடன் கொல்லைப்புறமாக நுழைவான்.

இதைக் கண்டறிய முற்காலத்தில் முயல்களுக்கு ஊசி போட்டு அவற்றுக்குக் காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். 1956இல் பிரெடெரிக் பாங் என்ற அமெரிக்க அறிஞர், குதிரைலாட நண்டின் நீல இரத்தம் இவ்வகைப் பாக்டீரியா பட்டதும் உறைவதைக் கண்டார். பின்னர் ஜாக் லெவின் என்பவரும் அவரும் சேர்ந்து அதனை ஒரு சோதனை முறையாக வளர்த்தனர். நம் நாட்டில் ஒடிசா, வங்காளக் கரைகளிலும் குதிரைலாட நண்டினங்கள் உண்டு. கடலுயிர் ஒன்றின் ஓடு மனிதருக்குத் தகுமா என்று மற்றொரு கடலுயிரின் இரத்தம் சாட்சி சொல்வது விந்தையன்றோ! இன்று நண்டின் இரத்தமின்றி, அதன் புரதத்தை மரபணு முறையில் ஆக்கிச் சோதிக்கும் வழியும் வந்துள்ளது.

ஆயினும் கைட்டோசான் இச்சோதனையை ஏய்க்க வல்லது. எண்டோடாக்சின் எதிர்மின்னூட்டம் உடையது; கைட்டோசான் அதனைப் பற்றித் தன்னுள் மறைத்துக்கொள்ளும். சாட்சியின் கண்ணுக்கு நஞ்சு தெரியாது. சோதனைத்தாளில் 'தூய்மை' என்று பதிவாகும். எனவே, தெரிந்த அளவு எண்டோடாக்சினைத் தாமே வேண்டுமென்று கலந்து, அது முழுதும் திரும்பத் தெரிகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். திரும்பத் தெரியாவிட்டால், 'நஞ்சில்லை' என்ற விடைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

நண்பன் கேட்ட கேள்வி

என் விடுதி அறைத் தோழன் கோட்டயத்துக்காரன். அவனுக்கு இறால் ஆகாது; ஒரு துண்டு வாயில் பட்டாலும் உதடு தடித்து மூச்சு முட்டும். என் ஆய்வைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவன் ஒருநாள், "எடா, நான் வண்டியில் அடிபட்டு நினைவின்றிக் கிடக்கும்போது உன் இறால் ஓட்டுக் கட்டை என் புண்ணில் வைத்துவிட்டால் என் கதி என்ன?" என்று கேட்டான். வேடிக்கையாகக் கேட்டானாயினும், அதனினும் கூர்மையான கேள்வியை எந்தத் தேர்வாளரும் என்னிடம் கேட்டதில்லை.

இறாலில் ஒவ்வாமையை உண்டாக்குவது எது? இதற்கு விடை கண்டதில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சுப்பா ராவ் தலைமையில் பணியாற்றிய குழுவினர், அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து, நம் கடலின் வெள்ளை இறாலை ஆராய்ந்தனர். வேகவைத்தாலும் கெடாத ஒவ்வாமைப் புரதங்களை 1989இல் பிரித்தெடுத்தனர். 1993இல் முதன்மையான ஒவ்வாமைப் பொருள் டிரோப்போமையோசின் என்னும் தசைப் புரதம் என்று நிறுவினர். ஆகவே ஒவ்வாமை சதையின் புரதத்தால் வருவது, கைட்டினால் வருவதன்று. ஓட்டில் ஒட்டிய சதையின் எச்சத்தைக் காரத்தால் அறவே நீக்கிவிட்டால் அச்சம் பெரும்பாலும் நீங்கும்.

'பெரும்பாலும்' என்று எழுதுகிறேன், காரணம் உண்டு. 2011இல் அமெரிக்க இராணுவ மருத்துவ ஏடொன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இறால் வகைகளுக்கு ஒவ்வாமை உள்ள பத்துப் பேரின் தோலில் கைட்டோசான் கட்டை வைத்துப் பார்த்ததில் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. நற்செய்தியே. ஆயினும் பத்துப் பேர் என்பது சிறு எண். சோதிக்கப்பட்டதும் நன்கு தூய்மை செய்யப்பட்ட ஒரு குறிப்பிட்ட கட்டு. வேறோர் ஆலையில், வேறொரு நாளில், அவசரமாகக் கழுவி எடுத்த பொடிக்கு அந்தப் பத்துப் பேர் சாட்சியாக மாட்டார்கள். நண்பனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "கட்டின்மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதே. அந்தத் தொகுதியில் எவ்வளவு புரதம் எஞ்சியிருக்கிறது என்ற எண்ணைக் கேள். உன் ஒவ்வாமையை எழுதிய சீட்டொன்றைச் சட்டைப்பையில் எப்போதும் வைத்துக்கொள்."

யாருக்குப் பாதுகாப்பு?

பொருளைப் பயன்படுத்துவோரைப் பற்றியே இதுவரை பேசினோம். அதை உண்டாக்குவோர்? தூத்துக்குடியில் என் சித்தி பதினோரு ஆண்டுகள் இறால் உரித்தார். பனிக்கட்டி நீரில் ஊறி வெடித்த விரல் நுனிகளை இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கையுறை கேட்டவர்களுக்கு, 'கையுறை போட்டால் வேலை ஓடாது' என்ற விடையே அந்த ஆலையில் கிடைத்தது. பின்னாளில் வேலைக்குப் போன நாட்களில் மட்டும் அவருக்கு இருமலும் இழுப்பும் வந்தன. கனடாவில் நண்டு பதனிடும் ஆலைகளில் முந்நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்து 1984இல் வெளியான அறிக்கை, அவர்களுள் பலருக்குத் தொழிலால் வந்த ஆஸ்துமா இருந்ததைக் காட்டிற்று. கொதிநீராவியோடும் சாரலோடும் காற்றில் எழும் புரதமே அங்குக் காரணம். ஓட்டை உலர்த்தி அரைக்கும் இடங்களிலும் தூசி எழுகிறது. எரிசோடாக் கொப்பரையோ ஒரு துளி தெறித்தாலும் கண்ணைக் குருடாக்கும். நோயாளியின் புண்ணுக்குப் பொருளை இத்தனை முறை சோதிக்கும் நாம், உரித்த கைக்கும் அரைத்த மூச்சுக்கும் ஒரு சோதனையேனும் வைக்க வேண்டாமா?

நீரையும் மறத்தலாகாது. ஒரு கூடை ஓட்டைப் பொடியாக்க எத்தனையோ குடம் நீர் அமிலமும் காரமும் ஏந்தி வெளியேறுகிறது. அதனை நடுநிலைப்படுத்தாமல் காயலில் விட்டால், கழிவைப் பயனாக்கினோம் என்று மார்தட்ட இடமில்லை. கைட்டோசானும் நீரில் சாதுவன்று. அமிலத்தில் கரைத்த கைட்டோசான், வளர்ப்பு டிரவுட் மீன்களுக்கு நஞ்சாவதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடலிலிருந்து வந்ததாயிற்றே, நீர்வாழ் உயிருக்குத் தீங்கு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

தோல்வியைப் பதிவு செய்யும் துணிவு

இவ்வளவு சோதனைகளும் வீண் காலதாமதம் என்று கருதுவோர் உளர். அவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் வரலாற்றை அறிதல் நன்று. கைட்டோசானை மருத்துவப் பொருளாக ஆராய்ந்து அங்குள்ள தாமஸ் சாண்டி, சந்திர பி. சர்மா ஆகிய இருவரும் 1990இல் எழுதிய கட்டுரையை இத்துறை மாணவர் இன்றும் படிக்கின்றனர். அதே நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் இதயத் தடுக்கிதழ் ஒன்றை ஆக்க முயன்றபோது, முதல் மூன்று மாதிரிகளும் சோதனைகளில் தோற்றன. நான்காவது மாதிரி தேறி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. அம்மூன்று தோல்விகளும் ஆய்வுக்கூடத்தோடு நின்றன. மனிதரின் மார்புக்குள் நிகழவில்லை. சோதனை என்பது இதற்காகத்தான்.

எனவே தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இது: இறால் ஓடு மருந்தாகும், பல இடங்களில் ஆகியும் இருக்கிறது. ஆனால் இறால் ஓடு என்பதனாலோ, இயற்கைப் பொருள் என்பதனாலோ அன்று. குறிப்பிட்ட ஒரு பொடி, குறிப்பிட்ட ஒரு பயனுக்கு, கிருமிநீக்கம் செய்து உறையிலிட்ட இறுதி வடிவத்திலேயே சோதிக்கப்பட்டுத் தேறியது என்பதனால் ஆகும்.

நம் சங்கத்தில் கடற்கரை மாவட்டங்களிலிருந்து வந்தவர் பலர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கைட்டின் தொழில் தொடங்க எண்ணும் உறவினரோ அண்டை வீட்டாரோ உங்களிடம் யோசனை கேட்கக்கூடும். அவர்களிடம் நான்கு வினாக்களை எழுப்புங்கள். ஓடு எந்த நீரிலிருந்து வருகிறது? கடைசியாகக் கழுவும் நீர் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைத்தாள் உண்டா? கொப்பரையின் அருகே நிற்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் உண்டா? நான்குக்கும் விடை இருந்தால் தொழிலை மகிழ்ந்து வாழ்த்துங்கள். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அது கிடைக்கும் வரை கொப்பரைக்கு அடியில் தீ மூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.